பின்னேரத்தில வந்த பெரியப்பா

முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன், பேய், சகுனம், கனவில கண்டது எண்டு கதைக்கிற ஆள் நான் இல்லை. கொழும்பில, கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில ஒரு லோயரிட்ட டைப்பிஸ்ற்றா இருக்கிறன், என்ர வயசில பாதி சத்தியக் கடதாசி அடிச்சே போட்டுது. கண்ணால கண்டனான் எண்டு அழுதழுது சொல்லிப்போட்டு, வெளியில போய் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு சிரிக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். அதால ஆராவது எனக்கு இப்பிடியொரு கதை சொன்னா, வெளிச்சம் இருந்ததோ, பக்கத்தில ஆர் நிண்டது, எவ்வளவு தூரம் எண்டுதான் நான் முதல்ல கேப்பன். நீங்களும் கேளுங்கோ, தெரிஞ்சதுக்குப் பதில் சொல்லுறன். கேட்டு முடிய நம்பேல்ல எண்டு சொன்னாலும் எனக்குக் கோவம் வராது.

இப்பிடியான கதையெல்லாம் ராத்திரியிலதான் நடக்கும் எண்டுவினம், எனக்கு நடந்தது பின்னேரத்தில, நல்ல வெயில் நேரத்தில, கோல் றோட்டில பஸ்காரங்கள் கோண் அடிக்கிற சத்தம் கேக்கக் கேக்க. வெள்ளவத்தையில கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கைக்குள்ள எங்கட ஃப்ளாட். நானும் எங்கட இவரும், என்ர அப்பாவும். பிள்ளையள் ரெண்டும் வெளியில படிக்குதுகள். இவர் பாங்கில இருந்து பென்சன் எடுத்திட்டார், அதால காலமையில அப்பாவை இவர் பாத்துக்கொள்ளுவார், நான் மத்தியானச் சாப்பாட்டோட வீட்டை வந்திடுவன், மிச்ச வேலையை லெப்டொப்பில வீட்டில இருந்து அடிப்பன்.

அப்பாவுக்கு ஞாபக மறதி வந்து கொஞ்சக் காலம். முதல்ல கண்ணாடி எங்க, பேப்பர் எங்க எண்டு தேடினவர், பிறகு அம்மா எங்க எண்டு தேடத் தொடங்கினார். அம்மா செத்து எவ்வளவோ வருசம். காலமையில அவ்வளவு கரைச்சல் இல்லை, பின்னேரமானா ஒரு பதட்டம் பிடிக்கும். எழும்பி எழும்பி நடப்பார், கதவை இழுப்பார், நான் வீட்டை போகோணும் எண்டுவார். இதுதானே அப்பா வீடு எண்டா என்னை ஒரு பார்வை பாப்பார், ஏதோ நான் அவரைக் கடத்திக்கொண்டு வந்து வச்சிருக்கிற மாதிரி. சாப்பாட்டையும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோக விடமாட்டார்.

என்ர தங்கச்சி ரதி கனடாவில. அவவுக்கு வேலை நேரம் ஒத்துவராது, வீடியோ கோலில பாத்தாலும் அப்பாவுக்கு அவவை அடையாளம் தெரியாது, அது அவவுக்குப் பெரிய கவலை. அக்கா, நாளுக்கு ஒரு படமாவது எடுத்து அனுப்பு, வேலை முடிய நான் முகத்தைப் பாத்துக்கொள்ளுறன் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. என்ர போன் கெமரா உடைஞ்சு எல்லாம் புகைமூட்டம் மாதிரி விழும். சரி எண்டு லெப்டொப்பைத் திறந்து அதில இருக்கிற கெமரா அப்பைப் போட்டு, மேசைக்கு முன்னால கதிரையில அப்பாவை இருத்தினன்.

அந்த அப்பில உங்கட முகம் கண்ணாடி மாதிரி திரையில தெரியும் தானே. அப்பா பாத்தார். பாத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவா எழும்பி, மடிச்சுக் கட்டியிருந்த சாறத்தை இறக்கி விட்டிட்டு, வலு மரியாதையா, "அண்ணை, வாங்கோ, இருங்கோ" எண்டார்.

எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வந்தது. அப்பா, அது நீங்கள்தான், கையை ஆட்டிப் பாருங்கோ எண்டன். அவர் கையை ஆட்டினார், திரையில இருக்கிறவரும் ஆட்டினார், அப்பா என்னைத் திரும்பிப் பாத்து, "எனக்கு என்ர முகம் தெரியாதே? நான் உப்பிடிக் கிழடே?" எண்டு கேட்டார். அதோட நான் விட்டிட்டன். டொக்டரிட்டக் கேக்க, இந்த வருத்தக்காரருக்கு இது நடக்கிறதுதான், சிலபேர் கண்ணாடியைக் கண்டு பயப்பிடுவினம், இவர் சந்தோசப்பட்டா விட்டிடுங்கோ எண்டு சொன்னவர். அது எனக்கு நல்லா விளங்கிச்சு. அதுவரைக்கும் இதில அதிசயம் ஒண்டும் இல்லை.

இனி அந்த அண்ணை ஆர் எண்டு சொல்லோணும். அப்பாவுக்கு மூத்தவர் ஒருத்தர் இருந்தவர், பேர் யோகநாதன். எனக்கு அப்பிடி ஒரு பெரியப்பா இருக்கிறார் எண்டதே கலியாணம் முடிச்சதுக்குப் பிறகு அம்மா வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். வேலைக்கெண்டு கொழும்புக்கு வந்தவர், இங்க குசுமா எண்டு ஒரு சிங்களப் பிள்ளையை முடிச்சிட்டார். அப்பப்பா, அதுதான் அப்பாவின்ர தகப்பன், எனக்கு இனி ஒரு மகன்தான், அவனோட கதைக்கிறவன் என்ர வாசல்படி மிதிக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டார். அப்பா தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை. பிறகு அப்பாவும் வேலைக்கு இங்க வந்து, இங்கயே வீடு வாசல் எண்டு ஆகி, அப்பப்பாவும் செத்து, அதுக்குப் பிறகும் போகேல்ல. பெரியப்பா கொட்டாஞ்சேனையில, நாங்கள் வெள்ளவத்தையில. யோசிச்சுப் பாருங்கோ, ஒரு பஸ் ஏறினா கோட்டை, அதுக்கங்கால ஒரு கொஞ்சத் தூரம். ஒரே ஊருக்குள்ள ரெண்டு சகோதரங்கள் தலை நரைக்கும் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காமல் இருந்திருக்கினம். வீட்டில அந்தப் பேரையே எடுக்கிறதில்லை. பெரியப்பா உயிரோட இருக்கிறாரோ இல்லையோ எண்டுகூட எங்களுக்குத் தெரியாது.

அண்டையில இருந்து பின்னேரங்கள் மாறிப்போச்சு. மத்தியானம் படுத்து எழும்பினதும் அப்பா முகம் கழுவி, தானாகவே மேசைக்கு வந்து இருப்பார். நான் அந்த அப்பைத் திறந்து விடுவன். அவர் கதைப்பார். சும்மா வாய்க்கு வந்ததை இல்லை, ஒரு ஆளோட கதைக்கிற மாதிரி, கேட்டிட்டு நிப்பாட்டி, தலையாட்டிக் கேட்டு, ஓம் ஓம் எண்டு சொல்லி, திரும்பவும் கதைப்பார். ஒருநாள் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன், "நான் வந்திருக்கோணும் அண்ணை. ஐயா விடேல்ல. ஐயா போனாப் பிறகு எனக்கு வர வெக்கமாப் போச்சு" எண்டார். அந்தக் குரலை நான் முன்னம் கேட்டதே இல்லை. என்ர அப்பா எங்களோட அப்பிடி மனம் திறந்து கதைக்கிற ஆள் இல்லை. நான் வெங்காயத்தை அரிஞ்சபடி நிண்டு அழுதனான். அதுக்குப் பிறகு நல்லாச் சாப்பிட்டார், நித்திரையும் கொண்டார். அவர் அசையாமல் இருக்கிற நேரம் அது ஒண்டுதான் எண்டபடியா, ரதிக்கான படத்தையும் அப்பவே எடுப்பன். அந்த அப்பில இடைக்கிடை தானா எடுக்கிற மாதிரி ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டுவிட்டா அது தன்பாட்டில கிளிக் கிளிக் எண்டு எடுத்துக்கொண்டிருக்கும், நான் என்ர வேலையைப் பாப்பன்.

அப்பிடி இருக்கேக்கதான் அப்பா பாத்ரூமில வழுக்கி விழுந்தார். பெரிசா ஒண்டும் இல்லை, இடது புருவத்துக்கு மேல வெடிச்சிட்டுது, கிளினிக்கில தைச்சு, பெரிய வெள்ளைப் பிளாஸ்டர் ஒண்டு போட்டு விட்டவை. அடுத்தநாள் பின்னேரம் வழக்கம்போல வந்து இருந்தார், நான் படங்களைப் பெரிசாப் பாக்காமல் நாலைஞ்சைத் தெரிஞ்சு ரதிக்கு அனுப்பிப்போட்டுப் படுத்திட்டன்.

விடிய எழும்பிப் பாத்தா ரதியின்ர குரல் மெசேஜ். அக்கா, பிளாஸ்டரை ஏன் கழட்டினனீங்கள், காயம் ஒண்டும் தெரியேல்லயே எண்டு கேக்கிறா. நான் லெப்டொப்பைத் திறந்து பாத்தன். எல்லாப் படத்திலயும் பிளாஸ்டர் இருக்கு. ஒண்டில இல்லை. அதே கதிரை, அதே சுவர், பின்னால தொங்கிற அதே கோயில் கலண்டர். ஆள் நேர கெமராவைப் பாக்கிறார். நெத்தி சுத்தம், ஒரு கீறல் இல்லை. மற்றப் படங்களில அப்பாவின்ர சேட் மேல் பட்டின் திறந்து கிடக்கு, இதில கழுத்து வரைக்கும் பூட்டியிருக்கு.

எங்கட இவரைக் கூப்பிட்டுக் காட்டினன். அவர் கணக்குப் பாக்கிற மனுசன், எதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்பார். இந்த அப்புகள் முகத்தை வடிவாக்கிக் காட்டும், மறுவையெல்லாம் அழிக்கும், அப்பிடித்தான் பிளாஸ்டரையும் அழிச்சிருக்கும் எண்டார். பட்டினையும் பூட்டிவிடுமோ எண்டு கேட்டன். அவர் போய் மருந்துப் பெட்டியில இருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்துத் தன்ர நெத்தியில ஒட்டிக்கொண்டு அதே கதிரையில இருந்தார். மத்தியானம் வரைக்கும் எடுத்துத் தள்ளினார். ஒரு படத்திலயாவது அந்தப் பிளாஸ்டர் மறையேல்ல. நெத்தியில பிளாஸ்டரோட அவர் முழிச்ச முழியை இப்ப நினைச்சாச் சிரிப்பு வரும், அண்டைக்கு ரெண்டுபேரும் சிரிக்கேல்ல.

ரதி அதுக்கிடையில அந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில இருக்கிற மாமிக்கு அனுப்பிப்போட்டா. மாமி அப்பாவின்ர தங்கச்சி, எங்களுக்குத் தெரிஞ்சு மிச்சமிருக்கிற ஒரே சகோதரம். பின்னேரம் எனக்குக் கோல் எடுத்தா.

"பிள்ளை, மூத்தண்ணையை எங்க கண்டுபிடிச்சனி?" எண்டு கேட்டா.

"மாமி, அது அப்பா" எண்டன்.

"என்ர அண்ணன்மாரை எனக்குத் தெரியாதே? கொப்பருக்குக் காது ஒட்டின மாதிரி இருக்கும். மூத்தவருக்குத்தான் இப்பிடி விரிஞ்சு நிக்கும். ஐயா அதுக்கே அடிக்கடி பகிடி பண்ணுவார்."

போனை வச்சிட்டு அப்பாவின்ர காதைப் போய்ப் பாத்தன். பிறந்ததில இருந்து பாக்கிற காது, ஆனா அண்டைக்குத்தான் பாத்த மாதிரி இருந்தது. ஒட்டித்தான் இருந்தது. படத்தில இருந்தது அந்தக் காது இல்லை.

இனி நான் சும்மா இருக்க ஏலாது எண்டு விளங்கிட்டுது. மாமிக்குத் தெரிஞ்சது, அவர் கொட்டாஞ்சேனைப் பெரிய கோயிலுக்குக் கிட்ட, ஒரு இறக்கத்தில இருந்தவர், துறைமுகத்தில வேலை எண்டது மட்டும்தான். சனிக்கிழமை காலமை வெளிக்கிட்டன். இவர் தானும் வாறன் எண்டார், அப்பாவோட ஆர் நிக்கிறது, நான் தனியத்தான் போனன். அந்தப் படத்தைப் போனில வச்சுக்கொண்டு, வெயிலுக்குள்ள, ஒரு பக்கம் மாதா கோயில் மணி, ஒரு பக்கம் பழக்காரர் சத்தம், கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிற ஒழுங்கைகளில ஏறி இறங்கினன். ரெண்டு மூண்டு பேர் தெரியாது எண்டிட்டினம். பிறகு ஆணி, பெயின்ற் விக்கிற ஒரு சின்னக் கடையில, தொப்பி போட்ட ஒரு வயசான முஸ்லிம் மனுசன் இருந்தார், அவரிட்ட நீட்டினன்.

அவர் கண்ணாடியை உயத்திப் பாத்திட்டு, "இது நம்மட நாதன் அங்கிள் தானே" எண்டார். அவர் திரும்பவும் படத்தைக் கிட்டப் பிடிச்சுப் பாத்தார். "எப்ப எடுத்தீங்க மகள் இத? மனுசன் கதிரையில உக்காந்து எவ்வளவு காலம். வாதம் வந்து படுத்த படுக்கையில்லா?"

பழைய படம் எண்டு சொன்னன். அவர் படத்தில தெரியிற கலண்டரைக் காட்டி, இது இந்த வருசத்துது எண்டு சொல்லிப்போட்டு, அதுக்கு மேல ஒண்டும் கேக்காமல் எழும்பிவந்து வீட்டைக் காட்டிவிட்டார்.

ஒடுங்கின படியில ஏறி மேல போகோணும். கதவைத் திறந்தவ அவற்ற மகள் ஷிராணி, என்னைவிடக் கொஞ்சம் இளமை. தாய் குசுமா செத்திட்டாவாம், இவ கலியாணம் முடிக்காமல் தகப்பனைப் பாத்துக்கொண்டு வீட்டிலயே தையல் தைக்கிறா. நான் ஆர் எண்டு சொன்னதும் அவ கதவை அகலத் திறந்துவிட்டா. எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் அக்கா எண்டா. கோர்ட்டில அலைஞ்சு எனக்குச் சிங்களம் நல்லா வரும், அதால மிச்சமெல்லாம் சிங்களத்திலதான் கதைச்சம். உள்ள ஒரு புத்தர் படம், பக்கத்தில முருகன் படம், ரெண்டுக்கும் ஒரே பூ வச்சிருந்தது.

அவ சொன்ன கதையைக் கேளுங்கோ. என்ர அப்பா இந்த வீட்டில தமிழ் கதைச்சதே இல்லை, அம்மாவோடயும் எங்களோடயும் சிங்களம்தான், எனக்கு ஒரு நாலு சொல்லுக் கூடச் சொல்லித் தரேல்ல. ஆனா இப்ப கொஞ்சக் காலமாப் பின்னேரமானா முகம் துடைச்சுவிடு, சேட்டைப் போட்டுவிடு, பட்டினைக் கழுத்து வரைக்கும் பூட்டு எண்டு ஆக்கினைப்படுத்துறார். பிறகு சுவர்ப் பக்கம் பாத்துத் தமிழில கதைக்கிறார். சிரிக்கிறார், அழுகிறார். எனக்கு ஒண்டும் விளங்கிறதில்லை, மூளையிலயும் வாதம் அடிச்சிட்டுதோ எண்டு பயந்துகொண்டிருக்கிறன். அப்பிடிச் சொல்லிக்கொண்டே அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போனா.

கட்டிலில கிடந்தவர் தலையைத் திருப்பிப் பாத்தார். காது விரிஞ்சு நிண்டது. முகம் அப்பாவின்ர முகம்தான், அண்ணன் தம்பி எண்டா அப்பிடித்தானே. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தபடியா சொல்லுகள் வழுக்கி வழுக்கித்தான் வந்தது, ஆனா எனக்கு வடிவா விளங்கினது.

"தம்பியின்ர மூத்தவளே? வா பிள்ளை. அவன்ர நெத்திக் காயம் ஆறிட்டுதே?"

அப்பா விழுந்ததை நான் அங்க ஒருத்தருக்கும் சொல்லேல்ல. கடைக்காரருக்குச் சொல்லேல்ல, ஷிராணிக்குச் சொல்லேல்ல. நான் காட்டின படத்தில பிளாஸ்டரும் இல்லை. இதை நீங்கள் எங்க வேணுமெண்டாலும் வச்சுக் கேளுங்கோ, இப்பிடித்தான் சொல்லுவன். ஆறிக்கொண்டு வருது பெரியப்பா எண்டு மட்டும் சொன்னன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நல்லது, நல்லது எண்டார்.

எனக்கு அண்டைக்குப் பயத்தைவிட அவசரம்தான் கூடவா இருந்தது. ரெண்டு பேரும் கிழடுகள், எது எப்ப நடக்கும் எண்டு தெரியாது, எப்பிடியும் ஒருக்கா நேர காட்டிப்போடோணும் எண்டு பட்டது. அடுத்த போயாவுக்கு, பௌர்ணமி லீவில றோட்டு வெறுமையா இருக்கும் எண்டு, கார் ஒண்டு பிடிச்சு அப்பாவை வெள்ளை வேட்டி உடுத்திக் கூட்டிக்கொண்டு போனம். பிளாஸ்டர் கழட்டின தழும்பு இன்னும் சிவப்பா இருந்தது. படி ஏத்த எங்கட இவரும் அந்தக் கடைக்காரப் பெரியவரின்ர மகனும் கை குடுத்தவை. வழி முழுக்க நான் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே போனன், அண்ணையைப் பாக்கப் போறம், அண்ணையைப் பாக்கப் போறம் எண்டு.

கட்டிலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருத்தினம். பெரியப்பா கையை நீட்டினார், நல்ல கை அது, மற்றது அசையாது. அப்பா அந்தக் கையைப் பிடிச்சார், தெரியாத ஒரு வருத்தக்காரரைப் பாக்கப் போனா எப்பிடிக் கதைப்பமோ அப்பிடி, "இப்ப சுகமே? மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கிறியளே?" எண்டு கேட்டார். பிறகு என்னைப் பாத்து, "வா பிள்ளை போவம். அண்ணை வீட்டை வாற நேரம்" எண்டார்.

அப்பா, இதுதானே அண்ணை எண்டு நான் சொல்லச் சொல்ல அவர் எழும்பிக் கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கிட்டார். இவர் பின்னால ஓடினார். எனக்கு வெக்கமும் அழுகையும், பெரியப்பாவின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் நிண்டன். ஷிராணி முந்தானையால கண்ணைத் துடைக்கிறா. பெரியப்பா மட்டும் அழேல்ல. என்ர கையைத் தட்டி, "பறவாயில்லை பிள்ளை. அவனுக்கு என்னை அங்கதான் தெரியும்" எண்டார்.

அங்க எண்டா எங்க எண்டு நான் கேக்கேல்ல. இண்டைக்கு நினைச்சா, கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ தெரியாது.

அதுக்குப் பிறகு நானும் ஷிராணியும் போனில அடிக்கடி கதைப்பம். பின்னேரம் நான் லெப்டொப்பைத் திறக்கேக்க அங்க அவர் கதைக்கத் தொடங்குவாராம், நான் மூட அவரும் சுவரில இருந்து முகத்தைத் திருப்பிப் படுப்பாராம். நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பெரிசா எடுக்கேல்ல எண்டு சொன்னா நீங்கள் நம்பமாட்டியள், ஆனா வீட்டில வருத்தக்காரரை வச்சுப் பாக்கிற பொம்பிளையளுக்கு, அவை அமைதியா இருந்தாக் காணும். கோயில்ல அருச்சனை செய்யிற மாதிரி நான் பின்னேரமானா அதைத் திறந்து விட்டன். படமும் எடுத்தன். பிறகு ஒரு படத்திலயும் வித்தியாசம் விழேல்ல, எல்லாத்திலயும் அப்பாதான், தழும்போட.

மழைக் காலம் தொடங்கின கிழமை ஒருநாள், ஒஃபீஸில இருந்து நனைஞ்சுகொண்டு வந்தன். போன் என்ர பாக்கின்ர அடியில, கோர்ட்டுக்குப் போனபடியாச் சத்தம் நிப்பாட்டி வச்சிருந்தது, பாக்கேல்ல. அப்பா முகம் கழுவி வந்து இருந்தார், நான் வழக்கம்போல அப்பைத் திறந்தன். அவர் பாத்தார். வாங்கோ அண்ணை எண்டு சொல்லுவார் எண்டு நான் குசினிக்குத் திரும்பினன், சத்தம் ஒண்டும் வரேல்ல. எட்டிப் பாத்தா, அப்பா திரைக்குக் கிட்டக் குனிஞ்சு, விரலால தன்ர நெத்தித் தழும்பைத் தடவிப் பாக்கிறார். திரையில இருக்கிறவரும் தடவுறார்.

"இது நானல்லே பிள்ளை?" எண்டார். "இவ்வளவு கிழடாப் போனனே நான்?"

எத்தினையோ மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவருக்குத் தன்ர முகம் தெரிஞ்சது. பிறகு கதிரையில சாஞ்சு, திரையைப் பாத்தபடி, "அண்ணை போயிட்டார்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போய்ப் படுத்திட்டார். நான் போனை எடுத்துப் பாக்க, ஷிராணி மத்தியானத்தில இருந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறா. பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தியே போயிட்டாராம்.

பொரளையிலதான் அடக்கம் செய்தம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகேல்ல. ஏழாம் நாள் புத்த பிக்குமாருக்குக் குடுக்கிற தானத்துக்கு நான் விடியவே போய் ஷிராணியோட நிண்டு சமைச்சன், ஹாமதுருமார் வந்து போய், சனம் கலைஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவி வச்சாப் பிறகு அவ தன்ர போனைக் கொண்டுவந்து பக்கத்தில இருந்தா. தகப்பன் தமிழில என்ன கதைச்சவர் எண்டு ஆரிட்டயாவது கேக்கோணும் எண்டு ஒருநாள் வீடியோ எடுத்து வச்சவவாம். நீங்கள் சிங்களத்தில சொல்லுங்கோ அக்கா எண்டா.

நான் கேட்டுக் கேட்டுச் சொன்னன். பெரியப்பா சுவரைப் பாத்துக்கொண்டு, ஐயாவில எனக்குக் கோவம் இல்லையடா எண்டுறார். கொஞ்சம் நிப்பாட்டுறார். நீ வெக்கப்பட என்ன கிடக்கு எண்டுறார். திரும்ப நிப்பாட்டுறார். குசுமா நல்லாப் பாத்தவள், எனக்கு ஒரு குறையும் வைக்கேல்ல எண்டுறார். ஷிராணி அந்த இடத்தில என்ர தோளில சாஞ்சு அழுதா. அவ தகப்பன் வாயால அந்தச் சொல்லை அதுக்கு முன்னம் கேட்டதில்லையாம். அதுக்காகவே இதெல்லாம் நடந்திருந்தாலும் காணும் எண்டு எனக்கு மனசில பட்டது.

வீடியோ முடியிற இடத்தில அவர் கதைக்கிறதை நிப்பாட்டிட்டு ஆரோ வந்த மாதிரித் தலையை நிமித்துறார். அந்த நேரம் பின்னால மெல்லிசா ஒரு பொம்பிளைக் குரல் கேக்குது. ஷிராணி அதையும் என்னெண்டு கேட்டா, இது பக்கத்து வீட்டு ரேடியோவோ தெரியாது, என்ன சொல்லுது அக்கா எண்டு.

நான் போனைக் காதோட வச்சுத் திரும்பவும் கேட்டன். "அப்பா, தேத்தண்ணி ஆறுது, எழும்பி வாங்கோ" எண்டுது. அது என்ர குரல். என்ர குரலை எனக்குத் தெரியாதே? வெள்ளவத்தையில என்ர குசினிக்குள்ள நிண்டு நாள்தோறும் நான் கூப்பிடுறது, கொட்டாஞ்சேனையில அந்த அறைக்குள்ள விழுந்திருக்கு.

விளங்கேல்ல, ரேடியோவாத்தான் இருக்கும் எண்டு ஷிராணிக்குச் சொன்னன். எங்கட இவருக்கும் சொல்லேல்ல, சொன்னா அதுக்கும் ஒரு காரணம் தேடுவார், தேடிக் கிடைக்காட்டி அவர் பாவம். அப்பா இன்னும் இருக்கிறார், பின்னேரத்தில பல்கனியில இருந்து கடலைப் பாத்துக்கொண்டிருப்பார், ஒருத்தரையும் தேடுறதில்லை. நான் இப்ப தேத்தண்ணிக்கு அவரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுறதில்லை. கிட்டப் போய், தோளில தட்டித்தான் குடுக்கிறன்.